தொழிற்கல்வி நாட்டை வளர்க்குமா, வளரும் நாடு தொழிற்கல்வியை வளர்க்குமா?

"வளரும் நாடு ஒன்றின் பொருளாதார வளர்ச்சியில் தொழிற்கல்வியின் பங்கு என்ன? பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பணத்தைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குத் திருப்பிவிட்டால் வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வரி தேர்வுத்தாளில் வருகிற கேள்வி. ஐந்து நன்மைகளை வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இரண்டாவது வரியில் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்களை ஏராளமாக உருவாக்கிவிட்டால் வேலைகள் பின்னாலேயே வந்துவிடுமா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 26 ஆண்டுகள் பிட்டர் டிரேடு, அதாவது இயந்திரப் பாகங்களை அளந்து, ராவி, பொருத்தும் தொழில், கற்றுக்கொடுத்தவன். கடைசிச் சில ஆண்டுகள் பாடத்திட்டக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். பொருளியல் என் துறை அல்ல. அந்தத் துறை ஆய்வுகளை ஒரு பயிற்றுநரின் கண்ணோடுதான் படித்திருக்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். என் பதில் சுருக்கமாக இதுதான்: தொழிற்கல்விக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது வேலைகளைப் பிறப்பிப்பதில்லை. பிறக்கிற வேலை நன்றாக நடக்கவும், அடுத்த படிக்கு ஏறவும் அது வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட நாடுகள் நிறையப் பணத்தை இழந்திருக்கின்றன.

பங்கு உண்டு என்று சொன்னேன் அல்லவா, அது எப்படி என்பதை ஒரு பேரிங்கை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பாகத்தை, வைத்துக் காட்டுகிறேன். ஒரு மோட்டாரின் தண்டில் புது பால் பேரிங் மாட்ட வேண்டும். பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம் என்று இரண்டு உண்டு, நடுவில் குண்டுகள். தண்டில் இறுக்கமாக ஏறி உட்கார வேண்டியது உள்வளையம். ஆகவே அழுத்தம் முழுவதும் உள்வளையத்தின் மேல்தான் விழ வேண்டும். அதன் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு குழாயை வைத்து நேராகத் தட்டலாம், அல்லது பேரிங்கைச் சூடாக்கி விரியவைத்து ஏற்றலாம். இது தெரியாதவர் வெளிவளையத்தைச் சுத்தியலால் தட்டுவார். பேரிங் ஏறிவிடும், மோட்டாரும் ஓடும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அடியின் விசை குண்டுகள் வழியாகவே உள்ளே போனதால், அவை ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். பல ஆண்டுகள் ஓட வேண்டிய பேரிங் சில வாரங்களில் இரைய ஆரம்பிக்கும். அப்புறம் ஒருநாள் மொத்த உற்பத்தி வரிசையும் நிற்கும்.

முறையாகச் செய்தாலும் தவறாகச் செய்தாலும் அந்த வேலைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டியவர் எதற்காக அப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவரா என்பதில்தான் வித்தியாசம். ஒரு நாட்டின் ஆலைகள், பம்புகள், மின்தூக்கிகள், மருத்துவமனைக் கருவிகள் எல்லாவற்றிலும் இப்படித் தினமும் நடக்கிற லட்சக்கணக்கான சின்ன வேலைகளைக் கூட்டிப் பாருங்கள். உற்பத்தித்திறன் என்று புள்ளிவிவரத்தில் வருவதில் ஒரு பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது. வளரும் நாடுகள் பெரும்பாலும் இயந்திரங்களை வெளியிலிருந்து வாங்குகின்றன. காசு கொடுத்தால் இயந்திரம் கப்பலில் வந்துவிடும். அதை முழுத் திறனில் ஓட்டும் கை அதோடு வராது. கண்டுபிடிக்கும் பொறியாளருக்கும் பொத்தானை அழுத்தும் தொழிலாளிக்கும் நடுவில், சத்தத்தைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கும் ஒரு அடுக்கு வேண்டும். அந்த அடுக்கை உருவாக்குவதுதான் தொழிற்கல்வியின் வேலை. இதுவரை சொன்னதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சரி, இனி மறுபக்கம். விடுதலை பெற்ற நாடுகள் பலவும் 1950, 60-களில் உங்களைப் போலவேதான் யோசித்தன. இளைஞர்கள் அலுவலக வேலைக்கே ஆசைப்படுகிறார்கள், பள்ளிக்கூடம் ஏட்டுப்படிப்பைக் கொடுத்து அவர்களைக் கெடுக்கிறது, ஆகவே விவசாயத்தையும் தச்சையும் பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று கிளம்பினார்கள். கானாவை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர் 1965-ல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். பிள்ளைகளின் ஆசையைப் பள்ளிக்கூடப் பாடம் தீர்மானிப்பதில்லை, வேலைச் சந்தை தீர்மானிக்கிறது என்றார் அவர். எழுத்தர் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் நிம்மதியும் இருக்கும்வரை, தச்சுப் பாடம் படித்த பையனும் எழுத்தர் வேலையைத்தான் தேடுவான். அவன் சோம்பேறியும் அல்ல, அறியாதவனும் அல்ல, கணக்குப் போடத் தெரிந்தவன். 60 ஆண்டுகள் ஆகியும் அந்த வாதம் அசையாமல் நிற்கிறது. பெற்றோர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை நாம் எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். "கைவேலையை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மேடையில் பேசுகிறவர், தன் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் போதுமா என்றும் யோசிக்கட்டும்.

அப்படியானால் சிங்கப்பூரும் தென் கொரியாவும் எப்படி ஏறின என்று கேட்பீர்கள். அங்கே எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 1970-களின் முற்பாதியில் டாடா, ரோலி (ஜெர்மன் கேமரா நிறுவனம்), பிலிப்ஸ் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சி மையங்களைத் திறந்தது. ஆலை போட வந்த நிறுவனமே பயிற்சியிலும் பங்காளி. இன்ன இயந்திரத்துக்கு இன்ன ஆள் வேண்டும் என்று கேட்டவர் பட்டறைக்குள்ளேயே இருந்தார். ஆள் தயாராகும்போது வேலை காத்திருந்தது. பயிற்சி நிலையத்தைக் கட்டிவிட்டு ஆலைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தென் கொரியாவும் அப்படித்தான். 1973-ல் கனரக, ரசாயனத் தொழில்களில் இறங்குவது என்று முடிவெடுத்தது, அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே பயிற்சி தர வேண்டும் என்று சட்டமும் போட்டது. கப்பலும் எஃகும் ஆளை இழுத்தன, பயிற்சி அந்த இழுப்புக்குத் தீனி போட்டது. சர்வதேசத் தொழில்திறன் போட்டியில் 1967-ல் முதன்முதலாகக் கலந்துகொண்ட கொரியா 1977-ல் ஒட்டுமொத்தமாக முதலிடம் பிடித்தது. பத்தே ஆண்டுகள். அதே கொரியாவில் பின்னாளில் தொழிற்பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்கே போக ஆரம்பித்தார்கள். 2010-ல் மைஸ்டர் பள்ளிகள் என்ற பெயரில் தொழிற்கல்விக்கு மறுபடியும் உயிர் கொடுக்க வேண்டி வந்தது. ஃபாஸ்டர் சொன்ன கணக்கு பணக்கார நாட்டிலும் மாறவில்லை.

எல்லோரும் காட்டுகிற இன்னொரு நாடு ஜெர்மனி. அங்கே 330 அளவில் அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் இருக்கின்றன. பயிற்சி இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி. நிறுவனம் உதவித்தொகை கொடுக்கிறது. தேர்வை நடத்துவது பள்ளியும் அல்ல, அந்த நிறுவனமும் அல்ல, தொழில் வணிக சபைகள். 1969-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. அற்புதமான ஏற்பாடு, மறுப்பில்லை. ஆனால் பல வளரும் நாடுகளில் அதன் மாதிரித் திட்டங்கள் வந்து, வெளிநாட்டு உதவி நின்றதும் சுருங்கியிருக்கின்றன. ஏன் என்று யோசித்திருக்கிறேன். எளிதில் எடுத்து வர முடிகிறது பாடத்திட்டமும் இயந்திரமும்தான். அந்த ஏற்பாட்டைத் தாங்குகிற தூண்களோ வேறு: தேர்வு நடத்தும் அளவுக்கு நம்பிக்கை பெற்ற தொழில் சபை, சம்பள விகிதத்தைப் பேசி முடிக்கும் தொழிற்சங்கம், மூன்று ஆண்டுகள் ஒரு பையனுக்காகப் பொறுமை காட்டும் முதலாளி. இவற்றின் பின்னால் நூற்றாண்டுகள் பழைய கைவினைஞர் சங்கங்களின் வழக்கம் இருக்கிறது. ஜெர்மனியிலேயே ஐந்தில் ஒரு நிறுவனம் அளவில்தான் பயிற்சி தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாளி ஏன் பயிற்சி தரத் தயங்குகிறார் என்பதைப் பலர் கருமித்தனம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-ல் இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் திறனுக்கு அந்த நிறுவனம் செலவழிக்கும். எங்கே போனாலும் விலைபோகும் திறனுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? நான் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஆளாக்கிய பையனை, ஒரு காசும் செலவழிக்காத பக்கத்துப் பட்டறை கொஞ்சம் கூடுதல் சம்பளம் காட்டிக் கூட்டிப் போய்விடும். எல்லோரும் இப்படியே நினைத்தால் யாரும் பயிற்சி தரமாட்டார்கள், எல்லோருக்கும் ஆள் பஞ்சம் வரும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பிரேசில் 1942-ல் ஒரு வழி கண்டது. தொழில் நிறுவனங்களிடம் ஒரு கட்டாயப் பங்கை (1944-லிருந்து சம்பளப் பட்டியலில் 1 விழுக்காடு) வசூலித்து, அதைத் தொழிலதிபர்களின் கூட்டமைப்பே நடத்தும் செனாய் என்ற பயிற்சி அமைப்புக்குக் கொடுத்தது. இன்றும் அது நடக்கிறது. காசு கொடுத்தவரே நடத்துவதால் பாடம் பழசாகிப்போனால் அவருக்கே வலிக்கும். சிங்கப்பூர் 1979-ல் கொண்டுவந்த வரி குறைந்த சம்பளத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மேல் விழுந்தது. மலிவான உழைப்பிலேயே தங்கிவிடாதே, ஆளைத் தேற்று என்று பொருள். இது தோற்பதும் உண்டு. கொரியாவில் பின்னாளில் பல நிறுவனங்கள் பயிற்சி தருவதைவிட, தராவிட்டால் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது மேல் என்று போய்விட்டன.

இனி, அரசுகள் நடத்துகிற குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு சான்றிதழ், ஒரு விழா. இதில் ஆய்வுகள் சொல்வது கசப்பாகத்தான் இருக்கிறது. வளரும் நாடுகளில் நடந்த இத்தகைய திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி 2017-ல் எழுதியது இது: பயிற்சி வாய்ப்பு தரப்பட்ட 100 பேரில், பயிற்சி இல்லாமல் கிடைத்திருக்காத வேலை கிடைத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களில் வேலைக்குப் போனவர்கள் எப்படியும் போயிருப்பார்கள். படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பயிற்சி முடித்தவர்களில் இத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று நாங்கள் அனுப்பும் அறிக்கைகள் எதையும் நிரூபிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்திவிடக் கூடாது. கொலம்பியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஏழை இளைஞர்களுக்கு மூன்று மாதம் வகுப்பும் மூன்று மாதம் நிறுவனத்தில் வேலையும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் ஆளெடுத்ததால் ஒப்பிடுவது நம்பகமாக இருந்தது. பெண்களின் வருமானம் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியது. ஆண்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. உகாண்டாவில் இன்னொரு சோதனை, அதன் முடிவுகள் 2020-ல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு நேரடியாக ஒரு நிறுவனத்தில் பயிற்சி. தொடக்கத்தில் இரண்டும் பலன் தந்தன. நிறுவனத்தில் கற்றவர்கள் முதலில் முந்தினார்கள், ஆனால் அந்த வேலை போனதும் பலனும் தேய்ந்தது. நிலையத்தில் கற்றவர்கள் கையில் எல்லோரும் ஏற்கும் சான்றிதழ் இருந்தது. ஒரு வேலை போனாலும் அடுத்த வேலையை எட்டிப் பிடித்தார்கள். அந்தக் காகிதத்தை வெறும் காகிதம் என்று நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். முகம் தெரியாத முதலாளிக்கு "இவன் கையை நம்பலாம்" என்று சொல்லும் ஒரே பொருள் அதுதான் என்பதை இந்த ஆய்வுதான் எனக்குப் புரியவைத்தது.

அடுத்து சொல்லப்போவது என் வகுப்பறையிலிருந்து. முதல் வாரம் பிட்டருக்குக் கொடுக்கும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவித் தட்டையாக்க வேண்டும். பையன் ராவுவான். அவனுக்குத் தட்டை என்றே தோன்றும். மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கீற்று தெரியும். கை முன்னும் பின்னும் போகும்போது அரம் ஊஞ்சல் மாதிரி ஆடியிருக்கிறது. மறுபடி ராவச் சொல்வேன். இப்படிப் பத்து நாள் போகும். கை தேறுவதில் எனக்குச் சிக்கலே வந்ததில்லை, எவனுக்கும் கை தேறிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம், நுணுக்கமாக அளக்கும் கருவியான வெர்னியரைக் கையில் கொடுக்கும்போது. 0.02 மில்லிமீட்டர் என்றால் என்ன, 12.4-ல் இருந்து அதைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டால், பள்ளிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் தடுமாறுவார்கள். தசமம் பிடிபடாதவனுக்கு வரைபடம் வாசிக்க வராது, வரைபடம் வராதவனுக்குப் புது இயந்திரத்தின் கையேடு வராது. அவன் கற்ற ஒரே இயந்திரத்தோடு அவன் தொழில் நின்றுவிடும்.

இதனால்தான், சிறு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துத் தொழில் பக்கம் அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு 11 நாடுகளின் தரவை வைத்துப் பார்த்தது. தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை சீக்கிரம் கிடைக்கிறது. வயது ஏற ஏற, தொழில்நுட்பம் மாற மாற, பொதுக்கல்வி பெற்றவர்கள் முந்திக்கொள்கிறார்கள். அவை எல்லாம் வசதியான நாடுகள், ஆகவே வளரும் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. சிங்கப்பூரும் இதைத் தன் அனுபவத்தில் கண்டது. வேலையில் இருந்த தொழிலாளர்கள் பலருக்கு அடிப்படைக் கணக்கும் மொழியும் போதவில்லை என்று 1983-ல் அவர்களுக்கே தனியாக வகுப்பு ஆரம்பித்தது. 1992-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பத்தாண்டுப் பொதுக்கல்வி முடித்த பிறகே சேர முடியும் என்று வைத்தது. பொதுக்கல்வி வேண்டுமா தொழிற்கல்வி வேண்டுமா என்று தராசில் வைப்பது தவறு, ஒன்று மற்றொன்றின் அடித்தளம்.

எந்த மேடையிலும் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் வேலை செய்பவர்களில் 61 விழுக்காட்டினர், ஏறக்குறைய 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். வளரும் நாடுகளில் மெக்கானிக்கும் தச்சரும் தையல்காரரும் உருவாவது பயிற்சி நிலையத்தில் அல்ல, ஒரு மேஸ்திரியின் காலடியில். அங்கே கை நன்றாகத் தேறும். ஆனால் மேஸ்திரிக்குத் தெரிந்ததுதான் எல்லை, மேஸ்திரியின் தவறும் சேர்ந்தே இறங்கும். பேரிங்கின் வெளிவளையத்தைத் தட்டும் பழக்கம் அப்படித்தான் தலைமுறை தாண்டி வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் இந்தப் பட்டறைகளை ஒதுக்காமல், பெரும்பகுதி நேரம் பட்டறையில், கொஞ்ச நேரம் பயிற்சி மையத்தில், முடிவில் அரசுச் சான்றிதழ் என்று இணைத்தார்கள். குறைந்த செலவில் அதிகம் பேரை எட்டக்கூடிய வழி இது என்பது என் கருத்து. கருத்துதான், நிரூபணம் என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்றையும் நிரூபிக்க முடியாது: ஒரு நாடு தொழிற்கல்விக்கு இவ்வளவு செலவழித்தால் உள்நாட்டு உற்பத்தி இத்தனை விழுக்காடு வளரும் என்ற கணக்கு. வளரும் பொருளாதாரம் தொழிற்கல்விக்கும் அதிகம் செலவழிக்கும். எது எதை இழுத்தது என்று பிரித்தெடுப்பது மிகக் கடினம். அப்படி ஒரு எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது வரிக்கு நேரடியாக வருகிறேன். இல்லை, பல்கலைக்கழகப் பணத்தைத் திருப்பிவிடுவதால் மட்டும் வேலையின்மை தீராது. வேலை பிறக்க ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், சாலை வேண்டும், கடன் வேண்டும், சரக்கு வாங்க ஆள் வேண்டும். இவை கிளம்பும் இடத்தில் தொழிற்கல்வி இல்லாவிட்டால் வளர்ச்சி பாதியில் மூச்சு வாங்கும். ஒரு மாணவருக்கான செலவும் பொதுப்பள்ளியைவிட இதில் அதிகம். இயந்திரம், மூலப்பொருள், சிறிய வகுப்பு எல்லாம் வேண்டும். அந்தச் செலவைக் குறைத்து நடத்தினால் கிடைப்பது தொழிற்கல்வியின் பெயர்ப்பலகைதான்.

அந்தப் பணம் என் கையில் இருந்தால் புதுக் கட்டடம் ஒன்றுகூடக் கட்டமாட்டேன். முதலில் பயிற்றுநர்களை ஆண்டுக்கு ஒரு மாதம் ஆலைக்கு அனுப்புவேன். நானே 12 ஆண்டுகள் ஆலை வாசலை மிதிக்காமல் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததில் எவ்வளவு அப்போதே பழசாகியிருந்தது என்று நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அப்புறம் மூலப்பொருளுக்கு ஒதுக்குவேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் புத்தம்புது லேத் (கடைசல் இயந்திரம்) மூன்று ஆண்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. கெட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம், அறுக்க இரும்பும் இல்லை. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இரண்டு அணிகள் தேர்ச்சி பெற்று வெளியே போயின.

உங்கள் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தால் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கட்டடத்தையோ தேர்ச்சி விகிதத்தையோ கேட்க வேண்டாம். பட்டறையின் மூலையில் ஸ்கிராப் தொட்டி இருக்கும். லேத்தில் இருந்து விழுந்த சுருள்களும், தவறாக அறுத்து வீணாக்கிய துண்டுகளும் அதில் நிறைந்து கிடக்கிறதா என்று மட்டும் எட்டிப் பாருங்கள்.